ஓமலூர் போன சாடிகள்

“அந்த ராசாத்தியம்மா மடியிலயே என்ற கண்ணாடிச் சாடிய ஏத்தி உக்கார வெச்சு, நான் வெச்ச பூவோட, ஒரு சொட்டுத் தண்ணி சிந்தாம ஓமலூர் வரைக்கும் அவிய கையாலயே கொண்டுபோக வெக்கறனா இல்லியான்னு பாருங்க கொழுந்தனாரே.”

தெய்வநாயகி இப்படிச் சொன்னபோது சின்னண்ணன் வாயில் வெல்லக் கச்சாயம் இருந்தது. அது தொண்டைக்குள் குறுக்கே போய் நின்றுகொண்டது. அவன் இருமிய இருமலில் வாசலில் நின்ற ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

சின்னண்ணன் அவளுடைய செத்துப்போன கணவன் சடையனின் தம்பி. வள்ளிபுரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தான். முட்டையிட்டு விட்டேன் என்று கோழியே வந்து சொன்னாலும், முட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவான். நங்கை என்று அவன் கூப்பிடும் அண்ணி சொன்ன எதையும் அவன் இந்நாள் வரை நம்பியதில்லை. நாமக்கல்லில் வேறு யாரும் நம்பியதுமில்லை. அவள் டெலிபோன் ஆபீசில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றவள். ஒரு மழைநாளில் ஒயர் வழியாக வந்த இடியை ‘ராங் நம்பர்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டதாகவும், அது போய் மோகனூரில் விழுந்ததாகவும் சொல்வாள்.

“நங்கை, இடியத் திருப்பி உட்டதக்கூட நம்பிக்கறனுங்க. இது நடக்காது. நடந்துதுன்னா என்ற மீசய எடுத்துப்போட்டுட்டு வந்து உங்க முன்னால நிக்கறன்.”

“எடுக்கறதுதான் எடுக்கறீங்க, முழுசா எடுத்துருங்க. பாதி மீசயோட பண்ணைக்குள்ள போனீங்கன்னா கோழியெல்லாம் பயந்து முட்டைய உள்ளயே வெச்சுக்கும்.”

சின்னண்ணன் மீசையைத் தடவிக்கொண்டான். இளவட்டத்தில் முளைத்த நாளிலிருந்து விளக்கெண்ணெய் போட்டு வளர்த்த மீசை அது.

ராசாத்தியின் கார் தெருமுனை திரும்பிய புழுதி அடங்கியிருக்கவில்லை. அவள் மாப்பிள்ளையின் அத்தை. மாப்பிள்ளை சிவபிரகாஷும் தெய்வநாயகியின் மகள் தேவிப்ரியாவும் சேலத்தில் ஒரே துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்துப் பழகி, இரண்டு வீட்டிலும் சொல்லி, அரும்பாடுபட்டுச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். அன்றைக்கு ஓமலூர்க்காரர்கள் வீடு பார்க்க வந்திருந்தார்கள். நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ராசாத்தி தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்க்கும்வரை.

அந்த வீட்டில் பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஜன்னல் மேடை, அலமாரி, டிவி பெட்டி, தண்ணீர்த் தொட்டியின் மூடி, எங்கே பார்த்தாலும் பழைய கண்ணாடிச் சாடிகள். எல்லாவற்றிலும் பூ. கள்ளன் உள்ளே வந்தால் கால் வைக்க இடமில்லாமல் அவனே போலீசைக் கூப்பிட்டுவிடுவான்.

முதலில் வந்தது நீலச் சாடி. சடையன் முட்டை லாரி ஓட்டியவன். நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிக்கொண்டு கொச்சி போவான். வரும்போது காலி முட்டை அட்டைகள்தான் பாரம். கல்யாணமான புதிதில் மட்டாஞ்சேரிப் பழஞ்சாமான் கடையொன்றில் அதைப் பார்த்தானாம். அட்டைக் கட்டுக்கு நடுவில் குழி பண்ணிப் படுக்க வைத்து, வாளையாறு தாண்டிக் கொண்டுவந்தான். வாய் சிறுத்து வயிறு பெருத்த சாடி. அடிக்கண்ணாடியில் ஒரு காற்றுக் குமிழி நின்றுபோயிருந்தது. “இத ஊதுன மவராசனோட மூச்சு இன்னும் உள்ளதான் இருக்குது,” என்பாள் தெய்வநாயகி. காலை வெயிலில் வைத்தால் அதன் நீலம் தெருவைத் தாண்டிப் போய் எதிர்வீட்டு வெள்ளைப் பூனை மேல் விழும். அந்தப் பூனைக்குத் தன் நிறம் இன்னதென்றே தெரியாமல் போய்விட்டது என்பதும் அவள் சொன்னதுதான்.

பிறகு லாரி போய் வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு சேர்ந்தது. சடையன் போன பிறகு அவளே தேடிப் போனாள். ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்கள் கை மாறும்போது மலையிறங்கி வரும் சாமான்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் வந்து விழும். அங்கே தூசிக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்து வருவாள். உள்ளே படிந்த அழுக்குக்கு முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் போதும். நாமக்கல்லில் முட்டை ஓட்டுக்கா பஞ்சம். எந்தச் சாடிக்கு எது என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஓரம் சுருண்ட பச்சைச் சாடிக்கு மரவள்ளி இலைக்கொத்து. பால் வெள்ளைச் சாடிக்கு அரளி. சிவப்புச் சாடிக்குச் சம்பங்கி. நீலத்துக்கு மட்டும் முல்லை, வேறெதுவும் கிடையாது.

அந்த முல்லைக்கு ஒரு காரணம் உண்டு. சடையன் செத்த பத்தாம் நாள் ஊர்ப் பெண்கள் கூடி அவள் தலைப்பூவை எடுத்தார்கள். மறுநாள் காலையில் பூக்காரி பழக்க தோஷத்தில் வாசலில் வந்து நின்று, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். தெய்வநாயகி கூப்பிட்டு எப்போதும்போல முல்லையை வாங்கினாள். நீலச் சாடியில் வைத்தாள். சின்னண்ணன் பதறிப்போய், “நங்கை, ஊரு என்ன சொல்லும்” என்றதற்கு, “தலையில வெக்கப்படாதுன்னு சொன்னாங்க. சாடிக்கு ஊட்டுக்காரர் செத்துட்டாருன்னு எனக்கு ஆரும் சொல்லலிங்களே,” என்றாள். அன்றிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை.

ராசாத்தி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

“இத்தன பூவும் ஆருங்க வெக்கறது?”

“நாந்தானுங்க சம்பந்தி.”

“தப்பா நெனைக்காதீங்க. உங்க மனசு நோகோணும்னு சொல்லல, மொறைக்குச் சொல்றன். நிச்சயத்தன்னிக்கு மண்டபத்து மேடையில இந்தச் சாடி ஒண்ணுகூட இருக்கப்படாது. நீங்க வெச்ச பூவு அங்க நிக்கப்படாது. நீங்களும் மேடையேறாம சித்த ஒதுங்கி இருந்துக்கோங்க. தட்டு மாத்தறதுக்கு உங்க கொழுந்தனாரும் அவரு சம்சாரமும் நிக்கட்டும்.”

சின்னண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். சிவபிரகாஷ் தன் செருப்பில்லாத காலைப் பார்த்தான்.

“மாப்பிள்ளையோட அம்மா இன்னிக்கு வல்லீங்களே,” என்றாள் தெய்வநாயகி.

“பழனியம்மாளா. அவ எப்புடிங்க வருவா. எங்கண்ணன் போயி வருசமாச்சு. அவளும் உங்களாட்டந்தான். அன்னிக்கு வருவா, சமையக்கட்டுப் பக்கம் இருந்துக்குவா. மேடைக்கு நான் இருக்கறனில்ல.”

தெய்வநாயகி குனிந்து காலி டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். ராசாத்தி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள்.

“அப்பறம் சீரு. எங்கூட்டுல ஒரு மொற உண்டு. பொண்ணூட்டுச் சீர ஒருக்காக் கையில வாங்கிட்டம்னா எங்க வாசப்படி தாண்டித்தான் எறக்குவம். நடுவுல தரையில வெச்சா சீர வேண்டாம்னு தள்ளுனதா அர்த்தம். என்ற மருமக சீருல வந்த வெங்கலப் பானைய மேச்சேரியில இருந்து மடியிலயே வெச்சுட்டு வந்தனாக்கும். தொட மரத்தே போச்சு. எறக்கலியே.”

“மடியிலயேங்களா?”

“மடியிலயே.”

“வாசப்படி வரைக்குமுங்களா?”

“வாசப்படி வரைக்கும்.”

தெய்வநாயகியின் முகம் கல்லில் ஒப்புட்டுப் போளி வேகும்போது உப்புவதுபோல உப்பி மலர்ந்தது. இன்னொரு கச்சாயத்தை எடுத்து ராசாத்தியின் தட்டில் வைத்தாள். “ரொம்ப நல்ல மொறங்க சம்பந்தி. மேடையில என்ற சாடி ஒண்ணுகூட இருக்காது. நானும் ஏற மாட்டன். வாக்கு.”

கார் போனது. பிறகுதான் அந்தச் சவால்.

சாயங்காலம் தேவிப்ரியா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொல்லிமலைப் பக்கமிருந்து காற்று வீசி, கோழிப்பண்ணை வாடையும் எங்கோ பெய்த மழையின் வாடையும் கலந்து வந்தது.

“அம்மா, ஒரு நாளுதானேம்மா. ஒதுங்கித்தான் இரேன். அவரும் அத்தைக்குப் பயப்படறாரு. இது முறிஞ்சுதுன்னா நான் என்ன பண்ணுவேன்.”

“ஒரு நாளுதான் கண்ணு. என்ற தலப்பூவ எடுத்தன்னிக்கும் ஒரு நாளுக்குத்தான்னு சொன்னாங்க.”

தேவிப்ரியா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“அழுகாத. முறியாது. நான் அங்க ஒளிஞ்சு நின்னா, நாளைக்கு உன்ற ஊட்டுக்கு வாரப்பவும் ஒளிஞ்சுதான் வரோணும். உனக்குப் பொறக்கற புள்ளையத் தூக்கறதுக்கும் ஒளிஞ்சு நிக்கோணும். இதா, இந்தச் சாடியெல்லாம் உனக்குச் சீரு. வேற ஒண்ணும் நீ கேக்க வேண்டாம்.”

“எல்லாத்தையுமா? நீலத்தையுமா?”

தெய்வநாயகி நீலச் சாடியை எடுத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். அதைப் பற்றி மட்டும் தெய்வநாயகி பிற்பாடு யாரிடமும் ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னதில்லை, சொன்னதேயில்லை.

நிச்சயத்துக்கு முதல்நாள் சின்னண்ணன் ஒரு வண்டி காலி முட்டை அட்டையோடு வந்து இறங்கினான். சாடிகளைக் கட்டிக் கொடுக்கும்படி அண்ணி கூப்பிட்டிருந்தாள். அட்டைகளை அடுக்கி, நடுவில் சாடி வயிற்றுக்கு ஏற்றபடி கத்தியால் குடைந்து, ஒவ்வொன்றையும் தொட்டிலில் போடுவதுபோல வைத்துச் சணல் கயிற்றால் கட்டினான். முட்டையோடு பழகிய கை. ஒரு சாடி இன்னொன்றோடு முட்டி ‘டிங்’ என்ற சத்தம்கூடக் கேட்கவில்லை.

“இப்பத்தானுங்க நங்கை வழிக்கு வந்தீங்க. எங்க பண்ணை ரூமுல பத்தரமா இருக்கும். நிச்சயம் முடிஞ்சு திருப்பிக் கொண்டாந்துக்கலாம்.”

“பத்தரமாப் போயிச் சேரோணும் கொழுந்தனாரே. அதுதான் வேணும்.”

“மீசைக்கு ஆபத்தில்லைன்னு சொல்லுங்க.”

“எண்ணெ போட்டு வையுங்க. ஆசைக்கு ஒருக்கா.”

விடிந்ததும் அந்த வண்டி வள்ளிபுரம் பக்கம் திரும்பாமல் நேரே மண்டபத்துப் பின்வாசலுக்குப் போனது சின்னண்ணனுக்குத் தெரியாது. அவன் பந்தி இலைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் அலைந்துகொண்டிருந்தான்.

மண்டபத்துச் சாமான் அறையில் தெய்வநாயகியோடு வேளாங்கண்ணி இருந்தாள். டெலிபோன் ஆபீசில் பக்கத்து நாற்காலி. அவளும் ஓய்வு பெற்றவள். மாதா கோயில் பீடத்துக்குப் பூ வைத்துப் பழகியவள். வாளியில் தண்ணீரும், ஓலைக்கூடையில் பூவும் தழையுமாக அந்த அறையே தோட்டமாகக் கிடந்தது.

“நான் வெக்கட்டுமா நாயகி, வெரசா முடியும்.”

“வேண்டாங் கண்ணி. நீ எடுத்துக் குடு. என்ற கைதான் படோணும். ஒரு காம்புகூட வேற கை தொட்டுதுன்னு இருக்கப்படாது.”

“சண்டைக்குப் போறியா, கல்யாணம் பேசப் போறியா?”

“ரெண்டுக்கும் ஒரே செலவாப் போவுட்டும்.”

மேடையை ஒப்பந்தக்காரன் பிளாஸ்டிக் பூவால் மூடியிருந்தான். உலகத்தில் இல்லாத நிறமெல்லாம் அதில் இருந்தன. மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகளில் ஓமலூர்ப் பெண்கள். நட்டநடுவில் பட்டுச்சேலை மடிப்புக் கலையாமல் ராசாத்தி. மேளம் முழங்க, பெண் வீட்டுச் சீர்த்தட்டுகள் பட்டுத்துணி போர்த்தி வரிசையாக வந்தன. சின்னண்ணன் மனைவி முதல் தட்டை நீட்டினாள். ராசாத்தி எழுந்து, கும்பிட்டு, இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்தடுத்த பெண்களும் அப்படியே வாங்கினார்கள். வாங்கி முடித்த பிறகுதான் அவள் துணியை விலக்கினாள்.

சிவப்புச் சாடி. கழுத்துவரை தண்ணீர். வெள்ளைச் சம்பங்கி, அதற்கு நடுவில் ரத்தச் சிவப்பில் கோழிக்கொண்டைப் பூ. பக்கத்து மடியில் பச்சைச் சாடி. அதற்கடுத்த மடியில் பால் வெள்ளை. முதல் வரிசை முழுக்கக் கண்ணாடி மினுங்கியது.

“இந்தப் பூவ ஆரு வெச்சது?” என்றாள் ராசாத்தி.

தெய்வநாயகி தூண் மறைவிலிருந்து வெளியே வந்தாள். மண்டபத்தின் நடுவழியில் நடந்து வந்து, மேடைக்குக் கீழே, சரியாக ராசாத்திக்கு எதிரில் நின்றாள்.

“பொண்ணப் பெத்தவ வெச்சதுங்க.”

“நான் அன்னிக்கே என்ன சொன்னன்?”

“மேடையில இருக்கப்படாதுன்னீங்க. இல்லீங்க. நானும் ஏறலீங்க. மடியப் பத்தி நீங்க சொன்னது வேற மொறங்களே.”

ராசாத்தி சட்டென்று சாடியைத் தூக்கித் தரையில் வைக்கக் குனிந்தாள். நாதஸ்வரக்காரர் ஊதியதைப் பாதியில் விட்டார். அந்தக் காற்று வெளியே வர வழியில்லாமல் அவர் கன்னம் பலூனாக நின்றது. தவில்காரர் குச்சியை ஓங்கினபடி இருந்தார். சாடியின் அடி தரையைத் தொட ஒரு சாண்தான் இருந்தது.

“ராசாத்தி,” என்றார் ஓமலூர்ப் பெரியவர் ஒருவர் பின்வரிசையிலிருந்து. “சீரக் கீழ வெக்காத. வெச்சா இந்தப் பேச்சு இங்கயே முடிஞ்சுது.”

மேடையில் தேவிப்ரியா சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். தெய்வநாயகியின் நெஞ்சு அடித்த அடி தவிலுக்குப் பதிலாகப் போதும். ஆனாலும் அவள் கையைக் கட்டிக்கொண்டு நகராமல் நின்றாள்.

“வேண்டாம்னா வெச்சுருங்க சம்பந்தி,” என்றாள். “நான் தடுக்கல. என்ற கைப்பூவு ஆகாதுன்னா நான் வளத்த பொண்ணும் ஆகாதுதானுங்க. அவளுக்குச் சோறு ஊட்டுனதும் இதே கைதான்.”

ராசாத்தி குனிந்தபடியே அவளைப் பார்த்தாள். அவளுடைய முறையை அவளே உடைத்தாள் என்று நாளைக்கு ஓமலூர் முழுக்கப் பேசும். மெல்ல நிமிர்ந்தாள். சாடி மறுபடி மடிக்கு வந்தது. தண்ணீர் சிந்தாமல் அவள் விரல்கள் அதை நேராக்கிக்கொண்டன.

வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள், இவள் தெய்வநாயகி. சாமான் அறைக்குப் போய் நீலச் சாடியை எடுத்துக்கொண்டு நேரே சமையற்கட்டுக்கு நடந்தாள். பச்சைப்பயிறு கடையும் வாசனைக்கும் ஒப்புட்டுக் கல்லின் புகைக்கும் நடுவில் ஒரு பெண் மூலையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மகன் நிச்சயத்துக்கு வந்தவள். மேளச் சத்தத்தை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று கணித்துக்கொண்டிருந்தவள்.

“எந்திரிங்க சம்பந்தி. மாப்பிள்ளயப் பெத்த கை வாங்காம சீரு எப்புடிங்க சேரும்?”

பழனியம்மாள் பயந்துபோய் எழுந்தாள். “ஐயோ, எங்க நாத்தனா பாத்தாங்கன்னா...”

“அவிய ரெண்டு கையும் சாடியில மாட்டிக்கிச்சுங்க. தடுக்கறதுக்கு இப்பக் கை கெடையாது.”

பழனியம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே சாடியை உற்றுப் பார்த்தாள். “அடியில குமிழி ஒண்ணு இருக்குதுங்களே.”

“எங்கூட்டுக்காரர் மொதமொதல்ல கொண்டாந்ததுங்க.”

“அத எதுக்குங்க எனக்கு?”

தெய்வநாயகி சாடியை அவள் கைகளில் வைத்தாள். “என்ற சன்னல்லயே இருந்தா எனக்கு மட்டுந்தானுங்க முல்லை.”

இரண்டு பேரும் சேர்ந்து மண்டபத்துக்குள் நடந்து வந்தார்கள். முன்னால் நீலச் சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பழனியம்மாள். தலையில் பூவில்லை, கைகளில் முல்லை. முதலில் மேடையை விட்டு இறங்கியவன் சிவபிரகாஷ். ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து முதல் வரிசையில், அத்தைக்குப் பக்கத்தில் போட்டு, “இங்க உக்காரும்மா” என்றான். அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு அது. அடுத்து தேவிப்ரியா இறங்கி வந்து தன் அம்மாவின் தோளை ஒட்டி நின்றாள். மாப்பிள்ளையும் பெண்ணும் கீழே வந்துவிட்ட பிறகு மேடையில் யாருக்கு என்ன வேலை. தட்டு கீழேதான் மாறியது. மேலே பிளாஸ்டிக் பூ மட்டும் நின்றது.

பந்தியில் அரிசிம்பருப்பும் ஒப்புட்டும் தீரத் தீர வந்தன. ராசாத்தியும் அவள் வரிசைப் பெண்களும் சாடியை மடியில் வைத்துக்கொண்டே ஒரு கையால் சாப்பிட்டார்கள் என்று தெய்வநாயகி இன்றைக்கும் சொல்கிறாள். அதை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் வேன் புறப்பட்டதை ஊரே பார்த்தது. சீரோடு பெண் வீட்டு ஆள் ஒருவர் போய் ஒப்படைத்துவிட்டு வருவது வழக்கம். சின்னண்ணன் வேனில் ஏறினான். போகும்போது மீசை இருந்தது.

மறுநாள் காலையில் அவன் வந்தபோது தெய்வநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் மேடை வெறுமையாகக் கிடந்தது. ஒரு ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவி அதில் அன்றைய முல்லையை வைத்திருந்தாள். எதிர்வீட்டுப் பூனை சுவர்மேல் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது.

சின்னண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“பல்லு வலிங்களா கொழுந்தனாரே?”

அவன் தலையை ஆட்டினான். ஆமா என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். தெய்வநாயகி உள்ளே போய் ஆவி பறக்கக் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். துண்டை எடுக்காமல் காப்பி குடிக்க உலகத்தில் வழி கிடையாது. சின்னண்ணன் டம்ளரைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், துண்டை எடுத்தான். மூக்குக்குக் கீழே தோலுரித்த கோழியாட்டம் வெளேரென்று இருந்தது.

“பாத்தாப் பத்தாதுங்க. வாயில சொல்லோணும்.”

சின்னண்ணன் ஒரு வாய் காப்பி குடித்தான்.

“ராசிபுரம் தாண்டறப்ப ஒரு வேகத்தடைங்க. டிரைவரு பாக்காம ஏத்திட்டான். வேனே குதிச்சுது. அந்தம்மா சாடியோட சேந்து எந்திரிச்சு, சாடியோட சேந்து உக்காந்துது. அவனத் திட்டுன திட்டு இருக்குதே, அத உங்ககிட்டச் சொல்ல முடியாதுங்க.”

“தண்ணி?”

“சேல காஞ்சுதான் இருந்துது.” அவன் இன்னொரு வாய் குடித்தான். “சேலத்துல டீ குடிக்க நிறுத்துனம். அவிய எறங்கல. பழனியம்மாளும் எறங்கல. ரெண்டு பேருக்கும் நாந்தான் டம்ளரப் புடிச்சுக் குடிக்க வெச்சன். அதுக்கப்பறம் ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க. நீலத்துக்கு முல்லைதான் வெப்பாங்களாமா, இந்தச் செவப்புக்கு என்ன வெக்கறதுன்னு அந்த ராசாத்தியம்மா கேட்டுதுங்க.”

தெய்வநாயகி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அப்பறம்?”

“ஓமலூரு வந்துது. ஊட்டு வாசல்ல வேன் நின்னுது. எல்லாரும் எறங்கி நிக்கறம், கதவு சாத்திக் கெடக்குது. நான் சாடிய வாங்கிக்கறன்னு கைய நீட்டுனனுங்க. குடுக்கல. என்னய மேலயும் கீழயும் பாத்துட்டு, ‘ஏனப்பா, நின்னு பாத்துட்டே இருக்கற. கதவத் தொற. ரெண்டு கையும் சீருல இருக்குது’ன்னுது.”

அவன் மொட்டை உதட்டைத் தடவினான்.

“நடந்துதுங்க நங்கை. கதவத் தொறந்து உட்டதே நாந்தானுங்க.”